அண்ணன் பக்தரானார், மகள் பக்தியை விட்டாள்: நடுவில் என்ன நடந்தது?

நீங்கள் எழுதியிருப்பது நான்கே வரி. இருபது ஆண்டுகளாகக் கடவுள் இல்லை என்று வாதாடி வந்த உங்கள் அண்ணன், ஓராண்டுக்குள் விடியற்காலையில் எழுந்து பிரார்த்தனை செய்கிறவராகிவிட்டார். சிறுவயதில் வீட்டிலேயே அதிக பக்தியோடு இருந்த உங்கள் மகள், எதிலும் நம்பிக்கை இல்லை என்று இப்போது சொல்கிறாள். இருவரும் நன்றாகப் படித்தவர்கள். நம்பிக்கை எப்படி வருகிறது, எப்படிப் போகிறது, யாராவது மூளைச்சலவை செய்கிறார்களா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. வாழ்க்கையின் அடித்தளம் என்று சொல்லப்படும் ஒரு விஷயத்திலேயே ஒருவர் இப்படித் தலைகீழாக மாறிவிட முடியுமென்றால், அது அவர் யோசித்து எடுத்த முடிவா, அல்லது அவரையும் அறியாமல் அவருக்கு நேர்ந்ததா? நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இதைத்தான் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் மதச் சமூகவியல் கற்பிப்பவன். ஒரு மதத்துக்குள் வந்தவர்களையும் மதத்தை விட்டுப் போனவர்களையும் உட்கார வைத்து மணிக்கணக்கில் பேசச் சொல்லிக் கேட்பது பல ஆண்டுகளாக என் வேலை. கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வி இந்த வேலைக்குள் வராது. ஒருவருக்கு நம்பிக்கை எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் அந்த நம்பிக்கை பொய் என்றும் ஆகாது, மெய் என்றும் ஆகாது. அப்பாவின் பிரம்புக்குப் பயந்து ஒருவன் வாய்ப்பாடு கற்றுக்கொண்டான் என்பதற்காக இரண்டும் இரண்டும் ஐந்தாகிவிடுமா? இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. நான் கீழே எழுதப்போவதைப் பக்தர்கள் தங்களைக் குறைசொல்வதாகவும், நாத்திகர்கள் தங்களுக்குக் கிடைத்த வெற்றியாகவும் எடுத்துக்கொள்வது வழக்கம். இரண்டும் தவறு.

பல ஆண்டுகளுக்கு முன் நான் எடுத்த ஒரு பேட்டியிலிருந்து தொடங்குகிறேன். நடுவயதுக்காரர், பொறியாளர், வேறொரு மதத்துக்கு மாறியிருந்தார். ஏன் மாறினீர்கள் என்று கேட்டேன். நாற்பது நிமிடம் பேசினார். வேத நூலின் வசனங்கள், தத்துவம், அறிவியல் பதில் சொல்லாத கேள்விகள் என்று ஒழுங்காக அடுக்கிக்கொண்டே போனார். தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டு, “அந்த ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் வந்து பார்த்தவர்கள் அவர்கள் மட்டும்தானே?” என்றார். எந்த உள்நோக்கமும் இல்லாமல் சொன்னார். பொறியாளர் கொஞ்ச நேரம் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அதுவும் உண்டு” என்றார். அதுவரை ஒலிநாடாவில் பதிவாகியிருந்த நாற்பது நிமிடத்தில் ஆஸ்பத்திரி என்ற சொல்லே வரவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. அந்த வசனங்கள் அவரை உண்மையாகவே தொட்டிருந்தன. ஆனால் அவற்றை அவர் படிக்கத் தொடங்கும்போதே, படிக்கத் தூண்டியவர்களை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. இந்த வரிசையைத்தான் சமூகவியலில் மறுபடி மறுபடி பார்க்கிறோம். 1960களின் தொடக்கத்தில் ஜான் லாஃப்லாண்ட், ராட்னி ஸ்டார்க் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள், கொரியாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வேர்பிடிக்க முயன்ற ஒரு சின்னஞ்சிறு மதக்குழுவோடு பழகி, யார் சேருகிறார்கள், யார் சேரவில்லை என்று கவனித்தார்கள். 1965இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை இன்றுவரை இத்துறையில் பேசப்படுகிறது. பொதுக்கூட்டம், பத்திரிகை அறிவிப்பு என்று அந்தக் குழு செய்த பிரச்சாரத்தால் கிடைத்த ஆட்கள் மிகக் குறைவு. சேர்ந்தவர்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களின் நண்பர்கள், ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள், உறவினர்கள். உள்ளே இருந்தவர்களோடு உள்ள நெருக்கம் வெளியே இருந்தவர்களோடு உள்ள நெருக்கத்தை மிஞ்சியபோது ஆள் உள்ளே வந்தார். கொள்கையைக் கேட்டுத் தலையாட்டியும் வெளியே நெருங்கிய உறவுகள் இருந்தவர்கள் பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிட்டார்கள். அதன்பின் பல நாடுகளில், பல மதங்களில் இதைச் சோதித்திருக்கிறார்கள். நட்பும் உறவும்தான் முதல் பாலம் என்பது இத்துறையில் நான் தயங்காமல் சொல்லக்கூடிய சில விஷயங்களில் ஒன்று.

உறவு மட்டும் போதாது. பெரும்பாலும் அதோடு ஒரு வெற்றிடமும் சேர்ந்திருக்கும்: வேலை போனது, திருமணம் முறிந்தது, பிள்ளைகள் வெளியேறினார்கள், ஓய்வு பெற்றார், உடன்பிறந்தவர் இறந்தார். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. நெருக்கடி வந்தவர்கள் எல்லோரும் மாறுவதில்லை. மாறியவர்களிடம் மட்டும் போய் அதற்கு முன் ஏதாவது கஷ்டம் இருந்ததா என்று கேட்டால், நூற்றுக்கு நூறு பேர் இருந்தது என்றுதான் சொல்வார்கள். மாறாதவர்களிடம் கேட்டாலும் அதே பதில்தான் வரும். கஷ்டம் இல்லாத மனிதர் யார்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகிவிடும்.

இனி மூளைச்சலவைக்கு வருகிறேன். அந்தச் சொல் பரவியது கொரியப் போர்க்காலத்தில், 1950களின் தொடக்கத்தில். சீனர்களிடம் சிறைப்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் மனத்தையே கழுவிவிட்டார்கள் என்று அப்போது பெரிய பீதி கிளம்பியது. போர்நிறுத்தத்துக்குப் பின் தாய்நாடு திரும்ப மறுத்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 21 பேர். அவர்களிலும் பெரும்பாலோர் பின்னாளில் திரும்பிவிட்டார்கள். சிறையில் அடைத்து, பட்டினி போட்டு, துப்பாக்கியோடு நின்று பாடம் நடத்தியதற்குக் கிடைத்த பலன் இவ்வளவுதான். பின்னர் 1970களில், நான் மேலே சொன்ன அதே மதக்குழு வளர்ந்து உலகெங்கும் பரவியபோது, பிள்ளைகளை மயக்கிக் கொண்டுபோகிறார்கள் என்று பெற்றோர் கொதித்தார்கள். லண்டனைச் சேர்ந்த சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர் அதை நேரடியாகச் சோதித்தார். 1979இல் அந்தக் குழு லண்டன் வட்டாரத்தில் நடத்திய பயிற்சி முகாம்களுக்குப் போன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்தார். ஏறத்தாழ 90 சதவீதத்தினர் சேரவே இல்லை. சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் தாங்களாகவே விலகிவிட்டார்கள். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பது உண்மையானால், கல் இப்படிக் கரையாமல் எழுந்து வீட்டுக்குப் போயிருக்காது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை மறைத்தால் தவறாகும். மனத்தைக் கழுவும் மந்திரம் கிடையாது என்பதால் கொடுமையான குழுக்களே கிடையாது என்று ஆகாது. குடும்பத்தோடு பேச விடாதது, தூங்க விடாதது, சம்பளத்தையும் சொத்தையும் எழுதி வாங்குவது, கேள்வி கேட்டால் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவது, விட்டுப் போனவரோடு எவரும் பேசக்கூடாது என்பது — இவை நடக்கின்றன, நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அண்ணனிடம் இவற்றில் ஏதாவது தென்பட்டால் அது கவலைப்பட வேண்டிய விஷயம். விடியற்காலைப் பிரார்த்தனை மட்டும் என்றால், அது விடியற்காலைப் பிரார்த்தனை, அவ்வளவுதான்.

இதுவரை நான் பேசியது வளர்ந்தபின் மாறியவர்களைப் பற்றி. உலகில் நம்பிக்கையோடு இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அதற்குள் ‘வந்தவர்கள்’ அல்லர். தாய்மொழி வந்ததுபோல அவர்களுக்கு அது வந்தது. ஆனால் தாய்மொழி அளவுக்கு உறுதியாக ஒட்டிக்கொள்வதில்லை. பிரிட்டனில் டேவிட் வோஸ் என்ற ஆய்வாளர் இன்னொருவரோடு சேர்ந்து 2005இல் வெளியிட்ட ஆய்வில் கிடைத்த கணக்கை என் மாணவர்கள் முதல் நாளே மனப்பாடம் செய்துவிடுவார்கள். பெற்றோர் இருவருமே மதப்பற்று உள்ளவர்கள் என்றால் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அது போகிறது. ஒருவருக்கு மட்டும் இருந்தால் அதிலும் பாதி. இருவருக்கும் இல்லையென்றால் பிள்ளைக்கு வருவது அபூர்வம். நம்பிக்கையின்மை மட்டும் சேதாரமே இல்லாமல் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இது பிரிட்டனின் கணக்கு. எல்லா நாடுகளுக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை கைமாறும்போதுதான் மதம் அதிகமாகச் சிந்துகிறது என்பது பல நாடுகளிலும் காணப்படுவது. நாற்பது வயதில் உட்கார்ந்து யோசித்து விட்டவர்களைவிட, இருபது வயதுக்குள் ஒட்டாமலே போனவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

எது ஒட்டவைக்கிறது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு வருகிறது. மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிச் 2009இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பிறர் சொல்வதைக் கேட்டு நம்பும் உயிரினம் மனிதன்; ஆகவே எளிதில் ஏமாறக்கூடியவன். அதற்குத் தற்காப்பாக, சொல்கிறவர் அதற்காக எதையாவது விட்டுக்கொடுக்கிறாரா என்று குழந்தையிலிருந்தே பார்க்கிறான். விரதம், தானம், வலி, நேரம், மானம் — நம்பாதவன் செய்ய முடியாத, செய்தால் நஷ்டமாகிவிடக்கூடிய செயல்கள். வாய்வார்த்தை கணக்கில் வராது. பின்னர் 2021இல் உளவியலாளர் வில் ஜெர்வைஸும் அவருடைய சகாக்களும் அமெரிக்கர்களிடம் நடத்திய ஆய்வில், ஒருவர் நம்பிக்கையற்றவர் ஆவதை மிக நன்றாக முன்கூட்டிக் காட்டியது இதுதான்: வளரும்போது கண்ணெதிரே அப்படிப்பட்ட செயல்களைப் பார்க்காதது. பகுத்தறிந்து சிந்திக்கும் பழக்கம் அதற்கு வெகுவாகப் பின்னால்தான் வந்தது. படிப்பது திருவாசகம் இடிப்பது சிவன் கோயில் என்று நம் முன்னோர் வேறு எதற்கோ சொன்னார்கள். அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குத் திருவாசகம் ஒட்டுவதில்லை என்று சேர்த்துக்கொள்ளலாம். அதோடு பாசமும் கணக்கில் வருகிறது. அமெரிக்கக் குடும்பங்களை 1970 தொடங்கிப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், பெற்றோர் எவ்வளவு பக்தியாக இருந்தார்கள் என்பதோடு எவ்வளவு அன்பாக இருந்தார்கள் என்பதும் சமயம் கைமாறுவதில் பெரிதாகத் தெரிந்தது. குறிப்பாகத் தகப்பனுடைய நெருக்கம். கண்டிப்பான, தொலைவில் நின்ற தகப்பன்களின் மதத்தைப் பிள்ளைகள் அதிகம் விட்டிருந்தார்கள். உங்கள் வீட்டைச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீடு எனக்குத் தெரியாது.

விடுவது எப்படி நடக்கிறது? வருவதற்கு நேர் எதிர்ப்பாதை என்று நான் முதலில் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வருவது பெரும்பாலும் கூட்டத்தோடு நடக்கிறது, போவது தனிமையில் நடக்கிறது. வந்தவர்கள் ஒரு நாளைச் சொல்வார்கள். போனவர்களிடம் தேதி கேட்டால் விழிப்பார்கள். ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர் என்னிடம் சொன்னது: “தினமும் ராத்திரி கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்வேன். ஒரு நாள் கண்ணை மூடியபோது, மறுநாள் முடிக்கவேண்டிய இருப்புநிலைக் கணக்குதான் வந்து நின்றது. சரி, களைப்பு என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் பல வருஷங்களாகவே அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.” அவரோடு எவரும் வாதாடவில்லை. எந்தப் புத்தகமும் படிக்கவில்லை. அவருக்கே தெரியாமல் கடை மூடப்பட்டிருந்தது.

சார்லஸ் டார்வின் தன்னைப் பற்றி 1876இல் குடும்பத்தாருக்காக எழுதிவைத்ததில் சொல்வதும் இதையே ஒத்திருக்கிறது. அவநம்பிக்கை மிக மெதுவாக ஊர்ந்து வந்தது, வேதனையே தெரியாத அளவுக்கு மெதுவாக வந்தது, கடைசியில் முழுமையாகிவிட்டது என்பது அதன் சாரம். அவருடைய அருமை மகள் ஆனி 1851இல் பத்து வயதில் இறந்தாள். அந்தச் சாவுதான் அவர் நம்பிக்கையை முறித்தது என்று சில வரலாற்றாசிரியர்கள் வாதிட்டிருக்கிறார்கள். வேறு சிலர், அதற்கு வெகுமுன்பே அது தேய்ந்துவிட்டது என்கிறார்கள். பரிணாமக் கொள்கைதான் காரணம் என்று நினைப்பவர்கள் இன்னும் அதிகம். தன்னைத் தானே இவ்வளவு நுட்பமாகக் கவனித்து, கடிதம் கடிதமாக எழுதிவைத்த ஒரு மனிதர் விஷயத்திலேயே காரணத்தைக் கையால் சுட்ட முடியவில்லை. உங்கள் மகளிடம் ஒரே வரியில் காரணம் எதிர்பார்க்கிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

ஆனால் விட்டவர்களில் ஒரு வகையினர் உண்மையிலேயே யோசித்து யோசித்து விட்டவர்கள். கனடாவில் பாப் ஆல்டிமேயர், புரூஸ் ஹன்ஸ்பர்கர் என்ற இரு உளவியலாளர்கள் ஆயிரக்கணக்கான மாணவர்களில் தேடி, தீவிர மதப்பற்று உள்ள வீட்டில் வளர்ந்து முழு நாத்திகரானவர்களையும், மதமே இல்லாத வீட்டில் வளர்ந்து ஆழ்ந்த பக்தரானவர்களையும் கண்டுபிடித்து 1997இல் எழுதினார்கள். இரண்டு வகையிலும் கிடைத்தவர்கள் சில டஜன் பேர்தான், அவ்வளவு அபூர்வம். பக்தரானவர்களில் பெரும்பாலோர் மனநெருக்கடி, தனிமை, கைகொடுத்த நண்பர் என்ற வழியில் வந்திருந்தார்கள். நாத்திகரானவர்களின் பாதை வேறு. ‘இது உண்மையா’ என்ற கேள்வி சின்ன வயதிலேயே தொற்றிக்கொண்டு, வருடக்கணக்கில் குடைந்து, பெற்றோரை நோகடிக்க மனமில்லாமல் மறைத்து மறைத்துக் கடைசியில் வெளியே வந்தது. இதில் நான் கவனித்த நகைமுரண் ஒன்று உண்டு: உண்மையே பேசவேண்டும், உண்மையைத் தேடவேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஊட்டியது அந்த மதமேதான். பாடத்தை முழுமையாகக் கற்றுக்கொண்ட பிள்ளை அதைக் கற்பித்தவர் மீதே போட்டுப் பார்த்தது. சிறுவயதில் உங்களைவிட பக்தியாக இருந்தாள் என்று மகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது.

அறக்கோபத்தால் விட்டவர்கள் இன்னொரு வகை. மதத்தலைவர் செய்த தவறு, அதைவிட அதை மூடி மறைத்த விதம்; ஒருவரை அவர் பிறப்புக்காகவோ பெண் என்பதற்காகவோ ஒதுக்கியது; அரசியலோடு மதம் போட்டுக்கொண்ட கூட்டணி. இவர்கள் கடவுளோடு சண்டை போடுவதில்லை, வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைக் காலி செய்கிறார்கள். அமெரிக்காவில் எந்த மதமும் இல்லை என்று சொல்பவர்கள் 2007இல் 16 சதவீதம், 2023-24இல் 29 சதவீதம். இந்த ஏற்றம் 1990களில் தொடங்கியபோது, மதமும் பழமைவாத அரசியலும் ஒட்டிக்கொண்டதைச் சகிக்காதவர்கள் பெயரை வெட்டிக்கொண்டதே முக்கியக் காரணம் என்று மைக்கேல் ஹவுட், கிளாட் ஃபிஷர் என்ற சமூகவியலாளர்கள் 2002இல் வாதிட்டார்கள். இன்றும் அது வலுவான விளக்கம்தான். ஆனால் அதே காலத்தில் அந்த அரசியல் இல்லாத நாடுகளிலும் அதே இறக்கம் நடந்ததால், அதை முழு விளக்கம் என்று நான் ஏற்பதில்லை.

அறிவாளிகள் எப்படி நம்புவார்கள், அல்லது எப்படி நம்பாமல் இருப்பார்கள் என்பது உங்கள் கேள்வியின் ஓரத்தில் இருக்கிறது. பகுத்தாய்ந்து சிந்திப்பவர்களிடம் நம்பிக்கை சற்றுக் குறைவு என்று காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் தொடர்பு மெல்லியது, நாட்டுக்கு நாடு மாறுவது. 2012இல் ஓர் ஆய்வு உலகெங்கும் பத்திரிகைகளில் வந்தது: ரோடான் வடித்த ‘சிந்திப்பவர்’ சிலையின் படத்தைப் பார்த்தவர்களுக்குக் கடவுள் நம்பிக்கை கொஞ்சம் குறைந்ததாம். சிலையின் படம் ஒன்றைப் பார்த்துக் கடவுளை விடுவதா என்று அப்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பாடத்தில் அதைச் சொல்லித்தந்தேன். 2017இல் வேறொரு குழு அதிகமான ஆட்களை வைத்துச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. முதல் ஆய்வைச் செய்தவர்களில் ஒருவரான, நான் மேலே சொன்ன ஜெர்வைஸ், அதை ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காகவே அவருடைய பிந்தைய ஆய்வை நான் அதிகம் மதிக்கிறேன். இதேபோல, தலைக்கவசம் ஒன்றை மாட்டி மெல்லிய காந்தப்புலம் செலுத்தினால் தெய்வீக அனுபவம் வருகிறது என்று கனடாவில் சொன்னார்கள். 2005இல் சுவீடனில், காந்தப்புலம் ஓடுகிறதா இல்லையா என்பதைச் சோதிப்பவருக்கும் தெரியாமல், அணிபவருக்கும் தெரியாமல் செய்து பார்த்தார்கள். காந்தத்தால் எதுவும் ஆகவில்லை. எளிதில் வசப்படும் இயல்புள்ளவர்களுக்குக் கவசம் மாட்டியதே போதுமானதாக இருந்தது. மூளையில் கடவுளுக்கு ஓர் அறை, மரபணுவில் பக்திக்கு ஓர் எழுத்து என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்பிவிடாதீர்கள். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், வளர்ந்து வீட்டை விட்டுப் போனபின் மதப்பற்றில் பிறவிக் கூறின் பங்கு கூடுவதாகத் தெரிகிறது. அது எந்த மதம் என்பதைத் தீர்மானிப்பதில்லை. இப்படிப்பட்ட விஷயங்களில் ஈடுபாடு எவ்வளவு என்பதைத்தான் ஓரளவு காட்டுகிறது. அதற்கு மேல் அதில் ஏற்றிச் சொல்ல நான் விரும்பவில்லை.

பயம் பக்தியை வளர்க்குமா? வளர்க்கும் என்பதற்கு நல்ல சான்று நியூசிலாந்திலிருந்து வருகிறது. 2011 பிப்ரவரி 22 அன்று கிரைஸ்ட்சர்ச் நகரை நிலநடுக்கம் தாக்கி 185 பேர் இறந்தார்கள். அந்த நாட்டில் ஆயிரக்கணக்கானோரை ஏற்கெனவே ஓர் ஆய்வு தொடர்ந்து கவனித்து வந்ததால், அதே மனிதர்களை முன்னும் பின்னும் ஒப்பிட முடிந்தது. நாடு முழுவதும் மதம் தேய்ந்துகொண்டிருக்க, நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்டவர்களிடம் மட்டும் அது சற்றே ஏறியிருந்தது. சற்றேதான். இதைப் பெரிதாக்கி, வாழ்க்கை பாதுகாப்பாக ஆக ஆக மதம் குறையும் என்று பிப்பா நாரிஸ், ரொனால்டு இங்கில்ஹார்ட் 2004இல் வாதிட்டார்கள். பொதுவாகப் பார்த்தால் பொருந்துகிறது. நாடு நாடாகப் பார்த்தால் உதைக்கிறது. கிழக்கு ஜெர்மனியும் போலந்தும் ஒரே காலத்தில் ஒரேவகைக் கம்யூனிச ஆட்சியில் இருந்தன. முன்னது உலகிலேயே நம்பிக்கை மிகக் குறைந்த நிலப்பகுதிகளில் ஒன்றாயிற்று. பின்னதில் திருச்சபை அந்த ஆட்சியை எதிர்த்து நின்று, தேசத்தின் குரலாகவே மாறியது. ரஷ்யாவில் 1991இல் தங்களை ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 31 சதவீதம், 2008இல் 72 சதவீதம். ஆனால் மாதம் ஒருமுறையாவது வழிபாட்டுக்குப் போகிறவர்கள் 2இலிருந்து 7 சதவீதமாகத்தான் ஏறினார்கள். பெயரைச் சூட்டிக்கொள்வது வேறு, மண்டியிடுவது வேறு. கருத்துக்கணிப்பில் இரண்டும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடுகின்றன.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் பேட்டிகளில் கேட்பவை எல்லாம் பின்னோக்கிச் சொல்லப்பட்ட கதைகள். மனம் மாறிய பிறகு, மாறிய மனத்தோடு சொல்வது. புனித அகஸ்டீன் 386இல் மிலானில் ஒரு தோட்டத்தில், குழந்தைக் குரலைக் கேட்டுக் கண்ணீரோடு கிறிஸ்தவத்துக்கு மாறினார் என்பது உலகறிந்த காட்சி. அதை அவர் எழுதியது பத்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, ஆயரான பிறகு. மாறிய சில மாதங்களுக்குள் எழுதிய உரையாடல்களில் அந்தத் தோட்டக் காட்சியே இல்லை; தத்துவம் பேசும் ஆசிரியர் ஒருவரைத்தான் அங்கே காண்கிறோம். நம் அப்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். சமணத் துறவியாகித் தருமசேனர் என்று பெயர் பெற்று, சூலை நோயால் துடித்து, அக்காள் திலகவதியாரிடம் திரும்பி வந்து சைவரானார் என்று படித்திருக்கிறோம். வயிற்று வலி அவருடைய பதிகத்திலேயே இருக்கிறது. அக்காளிடம் வந்து சேரும் காட்சியை விரித்துப் பாடியவர் சேக்கிழார், சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு. அது நடந்திருக்கலாம், லாஃப்லாண்டும் ஸ்டார்க்கும் அதைப் படித்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். நோயும் இருக்கிறது, காத்திருந்த உறவும் இருக்கிறது. ஆனால் கதையைக் கதையாகவும் பார்க்கத் தெரியவேண்டும். 1970களில் சமூகவியலாளர் ஜேம்ஸ் பெக்ஃபோர்டு பிரிட்டனில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரிடம் பேசியபோது, திடீரென்று ஒளி பிறந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. படிப்படியாகப் படித்துத் தெளிந்தோம் என்றார்கள். அந்த அமைப்பு போதிப்பதும் அதுவே. ஒரே நொடியில் மனம் மாறிப் புதிதாகப் பிறக்கலாம் என்று போதிக்கும் கிறிஸ்தவச் சபைகளில் எல்லோருக்கும் ஒரு நொடி இருக்கிறது. விட்டுப் போனவர்களும் விதிவிலக்கல்லர்: பகுத்தறிவு அமைப்பில் சேர்ந்தவர் புத்தகத்தைச் சொல்வார், பாதிக்கப்பட்டோர் குழுவில் சேர்ந்தவர் காயத்தைச் சொல்வார்.

ஆகவே முதலில் கேட்டதற்கு என் பதில்: யோசித்த முடிவா, நேர்ந்ததா என்று இரண்டாகப் பிரிப்பதே சரிப்படாது. எதை யோசிக்கிறோம், யாரோடு உட்கார்ந்து யோசிக்கிறோம், எந்தப் பதில் கிடைத்தால் யாரை இழப்போம் என்பவை பெரும்பாலும் நேர்கின்றன. அந்த எல்லைக்குள் யோசனை உண்மையாகவே நடக்கிறது. அந்தப் பொறியாளரின் நாற்பது நிமிடமும் உண்மை, அவர் மனைவியின் ஒரு வரியும் உண்மை.

நான்கு வரியை வைத்து உங்கள் வீட்டு இருவரைப் பற்றி என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஊகம் வேண்டுமானால் சொல்கிறேன். அண்ணனிடம் ஏன் நம்புகிறீர்கள் என்று கேட்காதீர்கள். வாதம்தான் கிடைக்கும், அதற்கு நீங்களும் எதிர்வாதம் வைப்பீர்கள், இருபது ஆண்டுப் பழக்கம் அவருக்கு உண்டு, ஜெயித்துவிடுவார். அதற்கு முந்தைய வருடம் எப்படிப் போயிற்று, யார் யாரோடு பழகினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மகளிடம், எப்போதிலிருந்து உள்ளுக்குள் இப்படி இருந்தது, அதை எங்களிடம் சொல்ல ஏன் தயங்கினாய் என்று கேட்டுப் பாருங்கள். நீண்ட காலம் மெதுவாகக் கரைந்தது என்றால் அது பெரும்பாலும் திரும்புவதில்லை. திருமணம் ஆனால், குழந்தை பிறந்தால் திரும்புவார்கள் என்று சொல்வதுண்டு. முந்தைய தலைமுறைகளில் அப்படிக் கணிசமாக நடந்தது, இப்போதைய இளைஞர்களிடம் அது மிகக் குறைந்துவிட்டது. அண்ணன் விஷயம் வேறு. புதிதாக வந்தவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள்தான் சோதனை. அந்தக் காலத்துக்குள் விலகுபவர்கள் நிறைய. அவருக்கு இன்னும் ஓராண்டு பாக்கி இருக்கிறது.

அந்தக் கணக்கரிடம், விட்டதில் எதை இழந்ததாகத் தோன்றுகிறது என்றும் கேட்டிருந்தேன். கடவுளை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். “சேர்ந்து பாடுவோமே, அதைத்தான்” என்றார். இப்போதும் மாதம் ஒருமுறை போய்க் கடைசி வரிசையில் நின்று பாடிவிட்டு, பிரசங்கம் தொடங்குவதற்கு முன் கிளம்பிவிடுகிறாராம்.